மாமூல் வழிநடைப் பாத்தியம்

விருதுநகர்ச் சீமையில் நதிகளுக்குக் குறைவில்லை. நதிகளில் ஜலத்துக்குத்தான் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கி, வெம்பக்கோட்டை, சாத்தூர் வழியாகக் கரிசல் காட்டைக் கடந்து மன்னார் வளைகுடாவில் போய்ச் சேருகிற வைப்பாறு ஒன்று. சிவகாசிக்கு அருகே ஆனைக்குட்டத்தில் அணைகட்டித் தேக்கப்பெற்று, பின்னர் இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதியின் பக்கத்தில் வைப்பாற்றோடு கலந்துவிடுகிற அர்ஜுனா நதி ஒன்று. விருதுநகர்ப் பட்டணத்தின் ஓரமாகப் போகும்போது அவ்வூர்ச் சாக்கடைகளில் ஒன்றையும் மனம் நோகச் செய்யாமல் யாவற்றையும் ஏற்றுக்கொண்டு குல்லூர்சந்தை நீர்த்தேக்கத்தை நாடிச் செல்கிற கௌசிகா நதி ஒன்று. ஒன்றுக்கு மகாபாரத வீரனின் நாமம். இன்னொன்றுக்கு மகரிஷியின் நாமம். நாமகரணத்தில் நம் முன்னோர் காட்டிய தாராளத்தை வருணபகவான் தம்முடைய இலாகாவில் காட்டாமல் போனதால், வருஷத்தில் பெரும்பகுதி இந்நதிகளில் மணலும், மணல் போன இடத்தில் கட்டாந்தரையும், கட்டாந்தரை கண்ட இடமெல்லாம் சீமைக்கருவேலமுமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆயினும் ஐப்பசி பிறந்து, வடகிழக்குப் பருவமழை கொஞ்சம் மனம் வைத்துவிட்டால், எங்கள் பக்கத்தில் ஓர் அதிசயம் நிகழும். வெளியூரார் தொழிற்சாலை என்று கௌரவமாகச் சொல்லும் ஸ்தாபனத்தை நாங்கள் ‘ஆபீஸ்’ என்றே சொல்லிப் பழகியவர்கள். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ் என்றுதான் பேச்சு. தீபாவளி முடிந்ததும் இந்த வெடி ஆபீஸ்கள் சில வார காலம் அடைத்துக் கிடக்கும். மறுபடி திறந்தாலும், மருந்து உலர வெயில் வேண்டியிருப்பதால், வானம் மூடிக்கொண்ட நாளில் வேலை நடக்காது. ஆக, எந்த மழை ஆற்றில் தண்ணீரைக் கொண்டுவருகிறதோ அதே மழை மனுஷர்களுக்கு ஓய்வையும் கொண்டுவருகிறது. இவ்விரண்டையும் ஒரே முகூர்த்தத்தில் அருளிய தெய்வ சங்கற்பம், அவ்வோய்வை அத்தண்ணீரின் பக்கத்தில் உட்கார்ந்து கழிப்பதற்கு வேண்டிய இடத்தை மட்டும் போதிய அளவில் படைக்கத் தவறிவிட்டது என்பதே இங்கே நான் பிரஸ்தாபிக்க வந்த விஷயம்.

ஆறு முழுவதும் மீன் இருக்கிறது என்று நினைப்பவன் தூண்டிலைத் தொட்டறியாதவன். வெள்ளம் வடிந்தபின் மீன் தங்குவது கசங்களில்தான்: பாலத்துத் தூண்களைச் சுற்றி நீர் அரித்த பள்ளம், தடுப்பணைக்குக் கீழே விழுகின்ற இடம், பாறை மறித்துத் திருப்பிவிட்ட மூலை. ஒரு கிராமத்தின் எல்லைக்குள் இப்படி விரல்விட்டு எண்ணும்படியான கசங்களே இருக்கும். அவற்றிலும் நிழல் உள்ளது, முள் இல்லாதது, உட்காரக் கல் உள்ளது என்று கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ. அந்த ஒன்றிரண்டை நாடிப் புறப்படும் கம்புகளோ ஒரு சிறு சேனைக்குக் காணும். மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, தேய்ந்துபோன ரப்பர் செருப்பில் வட்டமாக அறுத்த தக்கை, பெட்டிக்கடையில் வாங்கின முள், வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணோடு கொட்டாங்கச்சியில் எடுத்து வந்த மண்புழு, இவ்வளவே சாமான். மண்புழு கிடைக்காத நாளில் விருதுநகருக்குக் கீர்த்தி தேடிக்கொடுத்த எண்ணெய்ப் புரோட்டாவின் மிச்சத்தைப் பிய்த்து உருட்டி முள்ளில் குத்துகிறவர்களும் உண்டு. அந்த எண்ணெயைத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஜிலேபிக் கெண்டையின் நாவைச் சோதிப்பது தர்மமா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, “நாம மட்டும் திங்கலாம், அது திங்கக்கூடாதா?” என்று பதில் வந்தது. நியாயந்தான்.

வெம்பக்கோட்டைக்கு அருகே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் கரையில், 2022 முதல் தொல்லியல் துறையார் மண்ணை அகழ்ந்து சங்கு வளையல்களையும் சுடுமண் பொருள்களையும் நுண்கற்கருவிகளையும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அத்தனை காலத்துக்கு முன்னமேயே மனுஷர் இக்கரையில் வாழ்ந்தார்கள் என்றால், “நேற்று இங்கே நான் உட்கார்ந்திருந்தேன்” என்று ஒருவனும், “அதற்கு முந்தாநாள் நான்” என்று இன்னொருவனும் வழக்காடியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கான ஆதாரந்தான் அகழாய்வுக் குழியில் அகப்படாது.

இடம் பிடிப்பதன் சம்பிரதாயம் பின்வருமாறு நடைபெறுகிறது. கரையில் கவைக்குச்சி ஒன்று நட்டிருந்தால் அவ்விடம் ஆள் உள்ள இடம். குச்சிக்காரர் டீக்குடிக்கப் போயிருந்தாலும், பெண்டாட்டி அழைத்தாள் என்று வீட்டுக்கே போயிருந்தாலும் அது அவருடையது. துண்டைப் போட்டுவைப்பது பஸ்ஸில் செல்லும், ஆற்றங்கரையில் செல்லாது. பிந்தி வருகிறவன் முந்தி வந்தவனுக்கு மேற்கே, அதாவது நீர் வரத்துப் பக்கம், போய் உட்காரலாகாது. வரும் மீனை வழிமறிப்பதாக அர்த்தமாகும். தன் நிழல் பிறர் தண்ணீரில் விழும்படி நிற்கலாகாது. கல் எறிந்து ஆழம் பார்க்கிறவனை ஜாதிப்பிரஷ்டம் செய்யாத குறைதான். இவையெல்லாம் எங்கும் எழுதிவைக்கப்பட்டவை அல்ல. ஆனால் எழுதிவைக்கப்பட்ட சட்டத்தைத் தெரியாது என்று சொல்லித் தப்பியவன் உண்டு. இதைத் தெரியாது என்று சொல்லித் தப்பியவனை நான் கண்டதில்லை.

சம்பாஷணைக்கும் முறை உண்டு. முதலில் “அண்ணாச்சி” என்று கூப்பிட வேண்டும். எங்கள் சீமையில் இந்தச் சொல்லுக்கு வயது வரம்பு கிடையாது. மளிகைக்கடை முதலாளி முதல் மாட்டு வண்டிக்காரர் வரை, கசத்தை முந்திப் பிடித்தவர் எவராயினும் அண்ணாச்சிதான். பிறகு சற்று நேரம் மழையைப் பற்றிப் பேசவேண்டும். அதன்பின் “ஏதும் மாட்டிச்சா?” என்று கேட்கலாம், அதற்கு “எங்க அண்ணாச்சி, காலையிலருந்து சும்மாதான் உக்காந்திருக்கேன்” என்பதே விடை. பக்கத்தில் நனைந்த சாக்குப்பை துள்ளிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கலாகாது. பை மிகவும் பலமாகத் துள்ளி, பார்க்காமலிருப்பது அசாத்தியமென்று ஆகிவிடுமானால், வானத்தை நோக்கி, “மேகம் கூடுதே” என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். பையைத் திறந்து காட்டு என்பதும், அகப்பட்டது விராலா கெளுத்தியா என்று விசாரிப்பதும், ஒருவரது சம்பளத்தையும் அவர் மகளுக்குப் போட்ட நகையையும் நடுத்தெருவில் நின்று விசாரிப்பதற்குச் சமானமான அநாகரிகம்.

பிற தேசத்தார் இவ்விவகாரத்தை வேறுவிதமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில், கடலேற்றம் எட்டாத ஆற்றில், கரை நிலத்துக்காரனுக்கே ஆற்றின் பாதி அகலம் வரையில் மீன்பிடிக்கும் உரிமை என்பது வழக்கு. பேர்பெற்ற ஆறுகளைத் துண்டு துண்டாக வகுத்து, இன்ன துண்டில் இன்ன நாளைக்கு இன்னார் என்று வாடகைக்கு விடுகிறார்கள். தூண்டில்காரர்களுக்கு வேதம் போன்ற நூலை ஐசக் வால்டன் என்பவர் 1653இல் வெளியிட்டபோது அங்கே உள்நாட்டுக் கலகம் நடந்து, அரசனின் தலை போயே நாலு வருஷம் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட காலத்திலும் ஒரு மனிதர் கெண்டையைப் பற்றியும் கரையோரப் புல்லைப் பற்றியும் சாவகாசமாக எழுதியிருக்கிறார் என்றால், மீன்பிடிப்பவனின் மனோதர்மம் எப்படிப்பட்டது என்பது விளங்கும். நம் தேசத்தைப் பற்றி மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த எச். எஸ். தாமஸ் துரை ‘தி ராட் இன் இந்தியா’ என்ற கிரந்தத்தை 1873இல் வெளியிட்டார். இந்திய மீன்களையும் அவற்றைத் தூண்டிலில் ஏற்றும் உபாயங்களையும் விஸ்தாரமாகப் பேசுகிற நூல் அது. ஆற்றுக்குப் போகிற வழியில் யாருடைய வரப்பு குறுக்கிடுகிறது என்பது மட்டும் துரைக்கு ஒரு பிரச்னையாக இருந்திருக்க நியாயமில்லை; சர்க்கார் உத்தியோகஸ்தரை வரப்பில் வழிமறிக்கிற தைரியம் 1873இல் எங்கள் ஆச்சிமார்களுக்குக்கூட இருந்திருக்காது.

எனக்கோ, அதுதான் பிரதான பிரச்னை. ரஸ்தாவிலிருந்து ஆற்றுக்குப் போக வேண்டுமானால் இடையில் பட்டா நிலம் இருக்கிறது. பட்டா நிலத்தில் உளுந்தும் மக்காச்சோளமும் பருத்தியும் இருக்கின்றன. அவற்றைக் காத்துக்கொண்டு, கண்பார்வை மங்கிப்போயும் ஆள் நடமாட்டத்தை அரைமைலில் உணர்கிற ஓர் ஆச்சி இருக்கிறார்.

நம்முடைய கிரயப் பத்திரங்களில், நான்கெல்லையும் சொல்லி முடித்தபின், ‘மாமூல் வழிநடைப் பாத்தியம், வண்டிப்பாதைப் பாத்தியம் உள்பட’ என்று ஒரு வாசகம் வரும். எழுதுகிறவர் யோசித்து எழுதுவதில்லை. படிக்கிறவர் நிதானித்துப் படிப்பதில்லை. ஆனால் அவ்வாசகத்தின் பின்னால் 1882ஆம் வருஷத்து இந்தியப் பாத்தியதைச் சட்டம் நிற்கிறது. பிறந்தபோது அச்சட்டம் மதராஸ் ராஜதானி, மத்திய மாகாணம், குடகு ஆகிய மூன்று இடங்களுக்கு மாத்திரமே அமலாயிற்று. வங்காளத்தார்க்கும் பம்பாய்க்காரர்க்கும் அப்போது கிட்டாத இப்பாக்கியம் வரப்புச் சண்டையில் தேர்ந்த நமக்கு முதலிலேயே கிடைத்ததை நான் தற்செயலென்று கருதவில்லை.

அதன் நான்காம் பிரிவுக்கு ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். வீடும் பண்ணையும் உடைய ஒருவனுக்கு, வீட்டு உபயோகத்துக்காக இன்னொருவனுடைய குளத்திலிருந்து தண்ணீரோ மீனோ எடுத்துக்கொள்ளும் பாத்தியதை இருக்கலாமாம். வீட்டு உபயோகம் என்பதில் அவனும் அவன் குடும்பத்தாரும் மட்டுமல்ல, வந்த விருந்தாளிகள், ஒண்டியிருப்பவர்கள், வேலைக்காரர்கள் எல்லாரும் அடக்கமாம். சட்டமியற்றிய துரைமார்கள் ஒரு சட்டி மீன்குழம்பைச் சுற்றி எத்தனை பேர் உட்காருவார்கள் என்பதை இவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தார்களே என்று நான் நெகிழ்ந்துபோனேன். மணம் பிடித்துக்கொண்டு தற்செயலாக வருகிற அடுத்த வீட்டுக்காரரை மட்டும் விட்டுவிட்டார்கள்.

பதினைந்தாம் பிரிவுதான் விசேஷமானது. ஒருவன் பிறர் நிலத்து வழியை இருபது வருஷ காலம், சமாதானமாகவும், பகிரங்கமாகவும், இடையறாமலும், உரிமையென்ற பாவனையோடும் அனுபவித்து வந்தால் அவ்வழி அவனுக்குப் பூரண பாத்தியமாகிவிடும். இதில் உள்ள சூட்சுமம், அனுமதி கேட்டுக்கொண்டு நடந்தவனுக்கு இந்தப் பாத்தியதை கிடையாது என்பது. இருபதல்ல, ஐம்பது வருஷம் நடந்தாலும், ஒவ்வொரு தடவையும் “போகலாமா?” என்று கேட்டுக்கொண்டே நடந்த சாதுவுக்குச் சட்டம் கையை விரித்துவிடும், ஒருநாளும் கேட்காமல் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்த மகானுபாவனுக்கு மாலை போடும். ஆனால் ஆற்றங்கரையிலோ காரியம் நேர் விரோதமாக நடக்கிறது. கேட்டவனுக்கு வழி உண்டு. கேளாதவனுக்கு, வரப்பில் முள் உண்டு. சட்டத்தை அனுசரித்தால் இருபது வருஷத்துக்கு மீன் இல்லை. மீனை அனுசரித்தால் ஆயுள் பரியந்தம் பாத்தியதை இல்லை. மேலும், ‘இடையறாமல்’ என்பதை எங்கள் ஆற்றில் எப்படிக் கணக்கிடுவது? மழை பொய்த்த வருஷங்களில் யார், எதற்காக, அந்த வரப்பில் நடப்பார்கள்?

ஆகவே நான் கேட்கிற கட்சி. ஆச்சியோடு என் முதல் சந்திப்பு இவ்விதமாக நிகழ்ந்தது.

“எங்கய்யா போற?”

“ஆத்துக்குத்தான் ஆச்சி. இந்த வழியாப் போகலாமா?”

“ஆத்துக்குன்னு தெரியுது. கையில கம்பை வச்சுக்கிட்டுக் கல்யாண வீட்டுக்கா போவாக? நீ யாரு மகன்?”

இவ்விடத்தில் வம்சாவளியைச் சொல்லவேண்டும். அப்பா பெயர் சொன்னேன், தெரியவில்லை. தாத்தா பெயர் சொன்னேன். அவருடைய சீட்டுப்பணம் பாக்கி ஒன்று தெரிந்திருந்தது. அது தீர்க்கப்பட்ட பாக்கிதான் என்று நான் ருசுப்படுத்திய பிறகு, நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

“வரப்பு மேலயே போ. உளுந்துல கால் படப்படாது. செருப்பைக் கழத்தி கையில எடுத்துக்க. வரப்பு ஈரமாக் கிடக்கு, இடிஞ்சிரும். படலைத் திறந்தா மறக்காம அடைச்சிரணும். போன வாரம் ஒருத்தன் திறந்து போட்டுட்டுப் போயி, ஆடு பூந்து ஒரு பாத்தி இடம் மேஞ்சிருச்சு. அவன் மட்டும் திரும்பி வரட்டும்.”

“அவரு யாரு ஆச்சி?”

“யாரோ. கேக்காமப் போனவன்.”

கவனிக்க வேண்டியது, ஆடு மேய்ந்த நஷ்டத்தைவிட, கேளாமற் போனதே பெரிய குற்றமாக அந்தத் தீர்ப்பில் பதிவாயிருக்கிறது. முள் கட்டிய படலை நான் திறந்து, உள்ளே போய், மறுபடி தூக்கி நிறுத்தி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டு, முடிச்சை ஆச்சி பார்க்கும்படியாக ஒருமுறை இழுத்தும் காட்டினேன். திரும்பும்போது ஆச்சிக்கு ஒரு பங்கு உண்டு என்பது கேட்காமலேயே புரிந்துகொள்ள வேண்டிய ஷரத்து. “எனக்கெதுக்கய்யா, பூனைக்கு ரெண்டு போடு” என்பார்கள். பூனை என்று ஒன்று அங்கே இருந்து நான் பார்த்ததில்லை. அது கெளுத்தியைத் தொடாது, விரால் என்றால்தான் சாப்பிடும் என்பதும் எனக்குப் பிற்பாடு தெரியவந்தது.

ஆச்சியின் நிலத்தைக் கடந்து சிவகாசிப் பக்கமாகப் போனால் வேறு வகையான வேலி எதிர்ப்படும். வெடி ஆபீஸ் என்பது ஒரே கட்டடமாக இராது. கரிசல் காட்டில் ஏக்கர் கணக்கில் கம்பிவேலி போட்டு, அதற்குள் சின்னச்சின்ன அறைகளாக, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சட்டம் விதித்த இடைவெளி விட்டுக் கட்டியிருக்கும். ஓர் அறையில் விபரீதம் நேர்ந்தால் அடுத்த அறைக்குத் தாவாமலிருக்கவேண்டும் என்பது அதன் தாத்பரியம். கசத்தங்கரையில் தூண்டில்காரர்கள் இடைவெளி விட்டு உட்காரவேண்டும் என்ற விதிக்கும் இதே தாத்பரியம் என்று எனக்குப் படுகிறது.

நானும் நண்பர் ஒருவரும் அப்படியொரு வேலியோரமாக, ஓடைப் புறம்போக்கில் ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். உள்ளிருந்து காவலாளி ஓடிவந்தார். வேலிக்கு வெளியே நடப்பதற்கும் ஆட்சேபணையோ என்று நாங்கள் நிற்க, அவர் கேட்டது வேறு.

“அண்ணாச்சி, தீப்பெட்டி இருக்கா?”

பீடிக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து நண்பர் ஆதுரத்தோடு எடுத்து நீட்டினார். காவலாளி இரண்டடி பின்வாங்கினார்.

“பத்த வச்சிராதீக! அத அங்கிட்டு அந்தக் கல்லு மேல வச்சிட்டு வாங்க. திரும்பையில எடுத்துக்கலாம்.”

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் பிரயாணம் செய்து தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதன் பலனாக தேசத்தின் அடுப்புகளில் பெரும்பாலானவற்றைப் பற்றவைக்கும் புண்ணியம் எங்கள் சீமைக்கு வாய்த்தது. அந்தச் சீமையிலேயே, அந்தத் தீப்பெட்டியிலேயே ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்த குற்றத்துக்காக நண்பர் தலைகுனிந்து அதைக் கல்லின்மேல் வைத்துவிட்டு வந்தார். பிறகு காவலாளி சாந்தமானார். எங்களை உள்ளே விட அவருக்கு அதிகாரமில்லை. விட்டுப் பிரியவும் அவருக்கு மனமில்லை. வேலிக்கு அந்தப்புறம் அவரும் இந்தப்புறம் நாங்களுமாக, கம்பி முடிகிற மூலை வரைக்கும் கூடவே நடந்துவந்தார். பூராவழியும் மீன் பேச்சு. “மைதா மாவுல கொஞ்சம் வெல்லம் சேத்துப் பிசைஞ்சு போடுங்க, கெண்டை விடாது.” வேலை நேரத்தில் நூறு கஜ தூரத்தில் ஆற்றுச் சலசலப்பைக் கேட்டுக்கொண்டும் தூண்டில் போட முடியாத அவருடைய நிலைமை எங்கள் மனசைத் தொட்டது. திரும்பும்போது கம்பிக்கு மேலாக நாலு கெண்டையைக் கொடுத்தோம். அவர் தீப்பெட்டி வைத்த கல்லைக் கையால் சுட்டிக் காட்டினார். தீப்பெட்டி இருந்தது, பெய்த தூறலில் நமத்துப்போயிருந்தது.

வெடி மருந்து மலிந்த ஊரில் மீனுக்கும் வெடி வைப்பார்களோ என்று அயலூர் நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. 1897ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டமே இதற்காகப் பிறந்ததுதான் என்று சொல்லும்படி, டைனமைட் முதலிய வெடிபொருளால் நீரில் மீனைக் கொல்வது நான்காம் பிரிவின்படி குற்றம். விஷமோ சுண்ணாம்போ கலப்பது ஐந்தாம் பிரிவின்படி குற்றம். தண்டனை, மூலச் சட்டத்தில், இரண்டு மாதம் வரை காவல், அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம். 1897இல் இருநூறு ரூபாய் என்றால் அது ஒரு மனிதனைத் தோட்டாவின் பக்கமே தலைவைத்துப் படுக்க விடாத தொகை. கல்குவாரித் தோட்டாவைக் கசத்தில் போட்டு ஒரே மூச்சில் கசத்தையே காலிபண்ணியவர்களின் கதை எங்கள் பக்கத்திலும் சொல்லப்படுகிறது. ஆனால் அது எப்போதும் அடுத்த ஊரில் நடந்ததாகவே சொல்லப்படும், அடுத்த ஊருக்குப் போனால் அதற்கும் அடுத்த ஊரில். உள்ளூர் வெடித் தொழிலாளியோ இந்த யோசனையைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார். மருந்தில் ஒரு சொட்டு ஈரம் படக்கூடாதென்று வாழ்நாளெல்லாம் காத்தவருக்கு, அதைக் கொண்டுபோய் ஆற்றில் போடுவது தொழில் துரோகம்.

ஆறு பொது, கண்மாய் அப்படியல்ல. அங்கே மீன்பாசி ஏலம் என்று ஒன்று நடக்கும். ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கிவிட்டு, ராப்பகலாய்க் காவல் போட்டு, தூண்டில் கம்போடு வருகிறவனைத் திருடன் என்றும், கம்பில்லாமல் வருகிறவனை வேவு பார்க்க வந்த திருடன் என்றும் பாவித்து நடந்துகொள்வார். அதை நான் குறைசொல்ல மாட்டேன்; போட்ட முதல் அவருடையது. ஆனால் நல்ல மழையில் கண்மாய் பெருகி, கலுங்கு வழியாக மறுகால் பாய்கிறபோது ஒரு தர்மசங்கடம் விளைகிறது. ஏலக்காரருடைய கட்லாவும் ரோகுவும் தண்ணீரோடு ஏறித் தாண்டி ஓடையில் விழுந்து ஆற்றுக்குப் போய்விடுகின்றன. அப்போது அவை யாருடையவை?

ஒரு மழைநாள் காலை முழுவதும் டீக்கடையில் இது விசாரணையானது. ஏலக்காரர் கட்சி: “என் காசுல வாங்கின குஞ்சு. எங்க போனாலும் என் மீன்.” எதிர்க்கட்சி: “அப்ப உம்ம கண்மாய்க்கு மேல இருக்கிற கண்மாயில இருந்து மறுகால்ல வந்த மீனை அவுகளுக்குத் திருப்பிக் குடுத்தீரா?” இதற்கு ஏலக்காரரிடம் பதில் இல்லை. கடைக்காரர் நடுவராக நின்று தீர்ப்புச் சொன்னார்: கலுங்குக் கல்லில் ஏறி நிற்கும்வரை மீன் ஏலக்காரருடையது, கல்லைத் தாண்டி விழுந்துவிட்டால் ஊராருடையது, கல்லின்மேலேயே துள்ளிக்கொண்டிருப்பது எடுத்தவனுடையது. இந்த மூன்றாம் ஷரத்தினால் அன்று பிற்பகல் கலுங்கின் மீது எத்தனை பேர் நின்றார்கள், அதில் எத்தனை பேர் வழுக்கி விழுந்தார்கள் என்ற விவரத்தை விட்டுவிடுகிறேன். ஜிலேபிக் கெண்டையைப் பற்றி மட்டும் எவரும் வழக்காடவில்லை. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்து விடப்பட்ட இந்த ஆப்பிரிக்கப் பிரஜை, ஏலம், எல்லை, கலுங்கு, பட்டா எதையும் லட்சியம் செய்யாமல், யாருடைய அனுமதியும் கேளாமல், கண்ட நீரிலெல்லாம் குடும்பம் பெருக்கிவிட்டது. இருபது வருஷம் எப்போதோ கடந்துவிட்டது; பதினைந்தாம் பிரிவின்படி அதற்குப் பூரண பாத்தியதை உண்டு.

கோடையில் கண்மாய் வற்றும் தறுவாயில் மதுரை, சிவகங்கைப் பக்கத்து ஊர்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்தவர்கள், இத்தனை வழக்கும் எங்கே போயிற்று என்று திகைப்பார்கள். ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சுற்றுப்பட்டிகளெல்லாம் விடியுமுன் கரையில் கூடியிருக்கும்; ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒரு கால் தண்ணீரில் படாது. துண்டு வீசிய மறுகணம் கரையில் ஒருவரும் இல்லை. யாருக்கு எது அகப்பட்டதோ அது அவருக்கு. உள்ளூரான், வெளியூரான் என்ற பேதம் கிடையாது. ஒரே நாளில் எல்லாருக்கும் அனுமதி கொடுத்துவிட முடியும், ஆனால் ஒருவரேனும் துண்டு வீசிக் கொடுத்தாக வேண்டும்.

எங்கள் ஆற்றுக்குத் துண்டு வீச ஆள் இல்லை என்பதால், பாலத்தடிக் கசத்தின் பக்கத்தில் உள்ள தட்டைப்பாறை பல வருஷ காலம் இரண்டு பெரியவர்களுக்குள் விவகாரமாகவே இருந்தது. ஒருவர் தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்னவர் ஆதாரம் காட்டிப் பேசுவார். பின்னவர் சத்தம் காட்டிப் பேசுவார். கடைசியில் டீக்கடையிலேயே ராஜியாயிற்று: திங்கள், புதன், வெள்ளி கணக்குப்பிள்ளைக்கு, செவ்வாய், வியாழன், சனி கண்டக்டருக்கு, ஞாயிறு பொது. அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் கசத்தில் தண்ணீர் கிடந்தது. ராஜியும் ஒரு பிசகில்லாமல் நடந்தது. தை பிறந்ததும் தண்ணீர் குழிகளாகச் சுருங்கிற்று. மாசியில் குழிகளும் போயின.

பங்குனியில் ஒருநாள் மாலை, பாலத்தைக் கடந்துபோகையில் கீழே பார்த்தேன். கசம் இருந்த இடத்தில் வெடித்த களிமண். கருவேலங்கன்று நாலு முளைத்திருந்தது. பாறைக்கு அருகே கண்டக்டர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். இறங்கிப் போனேன்.

“என்ன மாமா, நின்னுக்கிட்டே இருக்கீக? பாறையில உக்காரலாம்ல?”

“இன்னிக்கு என்ன கிழமை?”

“புதன்.”

“புதன்னா கணக்குப்பிள்ளை முறைல்ல.”

“ஆத்துல தண்ணியே இல்லையே மாமா.”

“தண்ணி இல்லேங்கிறதுக்காகக் கிழமை மாறிருமா?”

“அப்ப எதுக்கு இங்க வந்து நிக்கிறீக?”

“காவலுக்குத்தான். அவரு இல்லாத நேரம் பாத்து வேற எவனாச்சும் வந்து புதன்கிழமையில உக்காந்தான்னு வையி, நாளைக்கு அவனே வியாழக்கிழமைக்கும் வருவான்ல?”

தர்க்கம் அசைக்க முடியாததாக இருந்தது. வெயிலில் நெடுந்தூரம் நடந்து வந்திருந்ததால் எனக்கோ கால் கடுத்தது. கேட்கிற கட்சியைச் சேர்ந்தவன் ஆகையால் கேட்டேன்.

“நான் கொஞ்சம் உக்காந்துக்கிறட்டுமா மாமா?”

“நான் எப்படிச் சொல்றது? அவர்கிட்டக் கேளு.”

“அவரு எங்க?”

“மகளுக்குப் பேறுகாலம். மதுரைக்குப் போயிருக்காரு. வர ஒரு மாசம் ஆகும்.”

“அதுவரைக்கும்?”

அவர் குடையை விரித்து, பாதி நிழலை என் பக்கம் தள்ளினார்.

“நிக்க வேண்டியதுதான்.”